எந்த வருஷத்து அலி?

இல்லை அக்கா, நீங்களே உட்காருங்கள். நான் நின்றால்தான் இவள் தூங்குவாள். உட்கார்ந்தால் எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறாள். பதினொரு மாதம். பெயர் இவாஞ்சலின், இவா என்று கூப்பிடுகிறோம். எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. உங்களுடையது? ஐம்பத்தாறா? அப்படியென்றால் மத்தியானம் ஆகிவிடும். உங்கள் மகளை டீ ஏதாவது வாங்கிவரச் சொல்லுங்கள். கேட் பக்கத்துக் கடையில் நன்றாக இருக்கிறதாம். என் மாமனார் அங்கேதான் நிற்கிறார். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். எழுபது வயசு. நீலத் தொப்பி போட்டிருப்பார்.

எனக்கில்லை, என் வீட்டுக்காரருக்குத்தான் பார்க்க வந்தோம். சற்று முன்னால் அந்த அறைக்குள் நிலைப்படியில் இடிக்காமல் குனிந்து போனாரே, அவர்தான். சிரில். உள்ளே ஒரு பெண் உட்கார்ந்து கேள்வி கேட்கிறாள். படம் காட்டுவாளாம், ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்வாளாம், கடிகாரம் வரையச் சொல்வாளாம். ஒரு மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் பெரிய டாக்டர் இரண்டு பேரையும் கூப்பிடுவார்.

நோயாளி மாதிரி தெரியவில்லை, இல்லையா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். முப்பத்தெட்டு வயசு, நூற்றியிரண்டு கிலோ. துறைமுகத்தில் வேலை. ஸ்டேட்டில் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தவர். குத்துச்சண்டை அக்கா. நாங்கள் காசிமேட்டுப் பக்கம். அங்கே அதெல்லாம் சகஜம்.

வருகிற இருபத்தாறாம் தேதி ஒரு போட்டி வைத்திருக்கிறார்கள். பழைய ஆட்களுக்கு மட்டும். இவருக்கு எதிரே தணிகாசலம் என்று ஒருத்தர், அந்தக் காலத்தில் இவரிடம் இரண்டு தடவை தோற்றவர். நாற்பது வயசில் பழி தீர்க்க வருகிறார். சும்மா விளையாட்டுக்குத்தான் என்று சொல்கிறார்கள். குத்து விளையாட்டுக்கு விழுமா? முப்பத்தைந்து தாண்டியவர்கள் மூளை டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் ரிங்கில் ஏற விடுவோம் என்று சங்கத்திலிருந்து லெட்டர் வந்தது. அதற்குத்தான் இங்கே வந்து நிற்கிறோம். டாக்டர் கையெழுத்துப் போட்டால் ஏறுவார். போடாவிட்டால் இல்லை.

இந்தப் பையில் ஒரு நோட்டு இருக்கிறது அக்கா. ஒரு ரப்பரும் இருக்கிறது. நேற்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை என்றால் அது இந்த இரண்டாலும்தான்.

சொல்கிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் சொல்ல முடியாது.

நான் பெரம்பூர்ப் பெண். அப்பா ரயில்வே. கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்தேன். எங்கள் வீட்டில் குத்துச்சண்டை என்ற வார்த்தையே கிடையாது. கல்யாணமாகி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சாப்பாடும் முடிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன் அறையில் ஒரே சத்தம். அடிதடி என்று நினைத்து ஓடி வந்து பார்த்தால், அப்பாவும் மகனும் ஆளுக்கொரு நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்து வாயாலேயே குத்திக்கொள்கிறார்கள்.

"இன்னாடா உன் ஆளு? கை ரெண்டையும் கீழ தொங்க உட்டுகினு பீச்ல காத்து வாங்கற மாதிரி வர்றான். எங்க ஜோ லூயி ஒண்ணு உட்டா போதும், பல்லைப் பொறுக்கிக்கினு போவான்."

"நைனா, அடிக்கிறதுக்கு மொதல்ல ஆளு அங்க இருக்கணும். உங்க ஆளு ஆணி அடிச்ச மாதிரி நிக்கிறான். எங்க அலி சுத்திவந்து நலம் விசாரிச்சுட்டு அப்பாலதான் குத்துவான்."

இதுதான் அக்கா அவர்கள் விளையாட்டு. உலகத்து ஹெவிவெயிட் சாம்பியன்களில் ஆளுக்கொருத்தரை எடுத்துக்கொள்வார்கள். சில சமயம் ஒருத்தர் சாகும்போது இன்னொருத்தர் பிறந்தே இருக்க மாட்டார். அவர்களை மோதவிடுவார்கள். பதினைந்து ரவுண்டு. ஒரு ரவுண்டுக்கு ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசலாம். என் ஆள் இப்படி அடிப்பான், இப்படி விலகுவான் என்று சொல்ல வேண்டும். தன் ஆளுக்கு வராத வித்தையைச் சொன்னால் மார்க் போச்சு. டம்ளரில் கரண்டியால் தட்டினால் ரவுண்டு முடிந்தது. ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது. விழுந்தால் எட்டு.

ரொம்ப முக்கியமான சட்டம் ஒன்று இருந்தது. ஆரம்பிக்கும் முன்னால் வருஷம் சொல்ல வேண்டும். இவர் "அலி" என்பார். உடனே மாமா, "எந்த வருஷத்து அலி?" என்பார். அறுபத்தாறாம் வருஷத்து அலி வேறே, எழுபத்தொன்றாம் வருஷத்து அலி வேறே. ஒரே ஆள் கிடையாது என்பார் மாமா. "மனுசன் வருசத்துக்கு வருசம் வேறடா. பேரு மட்டும்தான் அப்படியே இருக்கும்." இவர் எப்போதும் அறுபத்தாறு. மாமா எப்போதும் முப்பத்தெட்டாம் வருஷத்து ஜோ லூயி. ஒரே ஒரு வருஷத்தை மட்டும் யாரும் சொல்லக் கூடாது. எண்பது. அந்த வருஷம் அலி மெட்ராஸுக்கு வந்தபோது மாமா ஸ்டேடியத்தில் கடைசி வரிசையில் நின்று பார்த்தாராம். அதே வருஷக் கடைசியில்தான் அப்போதைய சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் அலி செமத்தியாக அடி வாங்கினார். முப்பத்தெட்டு வயசில். பத்து ரவுண்டு முடிந்ததும் அலி பக்கத்து ஆட்களே போதும் என்று நிறுத்தினார்கள். அந்தக் கட்டுரையை மாமாவின் பழைய புத்தகத்திலிருந்து நான்தான் வாசித்துத் தமிழில் சொன்னேன். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்னால் வாங்கிய புத்தகங்கள், கட்டுக் கட்டாக வைத்திருக்கிறார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலிகூடப் பயிற்சி பண்ணியவராம். அன்றைக்கு அடிக்க மனசில்லாமல் நடுநடுவே ரெஃப்ரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாராம், நிறுத்தேன் என்பது மாதிரி. அந்த இடம் வந்ததும் மாமா, "போதும்மா, மூடி வை" என்றார்.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்றுதானே கேட்கிறீர்கள்? முன்பெல்லாம் மீரான் பாய் என்று பக்கத்து வீட்டுக்காரர்தான் மார்க் போடுவாராம். அவர் மகள் வீட்டோடு போய்விட்டார், ஆம்பூருக்கு. மாமா என்னைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு கான்வென்ட்ல படிச்சது. பொய் சொல்லாது. இதையே ரெஃப்ரியா போடுவோம்."

பொய் சொல்லாது என்றார் அக்கா. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இப்போது நிற்கிறேன்.

ஒரு நீள நோட்டு வாங்கினேன். பழக்க தோஷம், பக்கத்துக்குப் பக்கம் வலது ஓரத்தை மடித்து ரஃப் வொர்க்குக்கு இடம் விட்டேன். எங்கள் கணக்கு டீச்சர் சிஸ்டர் பெர்னதெத் அப்படித்தான் பழக்கினார்கள். இடது பக்கம் மையில் நல்ல விடை, வலது பக்கம் பென்சிலில் ரஃப். ரஃப்பை யாராவது அழித்தால் விடை சரியாக இருந்தாலும் முட்டைதான். "விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், எப்படி வந்தது என்று காட்டு" என்பார்கள். அதே மாதிரி இவர்கள் பேசப் பேச ஓரத்தில் பென்சிலில் குறித்துக்கொள்வேன். முடிந்ததும் மையில் மார்க் எழுதுவேன். மேலே தேதி. ஒரு வருஷம் ஒழுங்காக நடந்தது. சில வாரம் இவர் ஜெயிப்பார், சில வாரம் மாமா. தோற்றவர் அன்றைக்கு டீ போட வேண்டும். மாமா டீ போட்டால் வெல்லப்பாகு மாதிரி இருக்கும். எனக்கே அந்த ஆட்டம் பிடித்துவிட்டது. கோவிலில் பிரசங்கம் நடக்கும்போது ராக்கி மார்சியானோவின் கை நீளத்தை யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கடவுள் மன்னிக்கட்டும்.

தூங்கு, தூங்கு. ஒன்றுமில்லை. ஸ்ட்ரெச்சர் போகிறது.

இவள் வயிற்றில் வருவதற்கு முன்னால், போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜூலை மாதம். அலிக்கும் லூயிக்கும் சண்டை. நாலாவது ரவுண்டில் இவர் சொன்னார்: "லூயி ஜாப் போட்டுட்டு எடது கையைக் கீழ எறக்குவான் நைனா. எறக்கினதும் எங்க ஆளு வலது கைல மேலாப்ல ஒண்ணு வெப்பான்." ஜாப் என்றால் இடது கையை நேராக நீட்டிக் குத்துவது. நல்ல பாயிண்ட். ஆனால் அதை இரண்டாவது ரவுண்டிலேயே சொல்லிவிட்டார். அதே வார்த்தை, அதே கை அசைப்பு. கடைசியில் அதே சிரிப்பு. மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் ஆளைப் பற்றிப் பேசினார். நான் ஓரத்தில் பென்சிலில் எழுதினேன்: "சிரில் – சொன்னதையே சொன்னார். மாமாவுக்குப் பத்து." அப்புறம் இவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். இடது பக்கம் மையில் எழுதினேன்: சிரில் பத்து, மாமா ஒன்பது.

அவ்வளவுதான் அக்கா. ஒரு மார்க். அன்றைக்கு வேலையில் களைப்பு, விட்டுவிடுவோம் என்றுதான் போட்டேன். அதுவும் தப்பா?

அடுத்த மாதம் ஏழாவது ரவுண்டில் ஜோ லூயியைத் தணிகாசலம் என்றார். சிரித்தோம். இவரும் சிரித்தார். அப்புறம் ஒரு நாள் அறுபத்தாறாம் வருஷத்து அலியை வைத்துக்கொண்டு ஃபோர்மன் என்ற சாம்பியனை அடித்ததைச் சொன்னார். அது எழுபத்துநாலு. சட்டப்படி ரவுண்டே போச்சு. பென்சிலில் அப்படியே எழுதினேன். மையில் இவருக்குப் பத்து. தோற்றால் முன்னெல்லாம் மாதிரி சிரித்துக்கொண்டு டீ போடப் போவதில்லை இப்போது. மூலையில் உட்கார்ந்து விரலை எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஜெயித்தால் வீடு வெளிச்சமாக இருக்கும். என்னைத் தூக்கிச் சுற்றுவார். நான் கர்ப்பமாக வேறு இருந்தேன்.

மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவருக்கும் வயசாகிறதில்லையா? முன்னெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் பத்துக் குத்து சொல்வார். இப்போது அவருடைய லூயியும் மந்தமாகிவிட்டார். "எங்க ஆளு நிக்கிறான். உன் ஆளு அடிக்கிறான். செரி." அவ்வளவுதான் பேசுவார். இந்த நோட்டில் பாருங்கள், ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: "மாமா பாதி நேரம் பேசவில்லை." அடுத்த வாரம்: "மாமா கையைக் கீழே இறக்கிவிட்டார், பழைய வேகம் இல்லை." அதனால் பல ரவுண்டில் இவருக்குப் பத்து போட நான் பொய் சொல்லவே தேவைப்படவில்லை. போன பிப்ரவரியிலிருந்து ஒரு வாரம்கூட இவர் தோற்கவில்லை. மாமாவும் அதட்டுவதில்லை. பெரிய மனுஷர்கள் இப்படித்தான், பக்கத்தில் நடப்பது கண்ணில் படாது.

இவள் பிறந்தாள். ஒரு சாயங்காலம் நான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தேன். கீழே வந்தால் இவர் இவளைக் குளிப்பாட்டித் துடைத்துப் பவுடர் போட்டு வைத்திருக்கிறார். எவ்வளவு நல்ல அப்பா என்று நினைத்தேன். அரிசி களைந்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் குளிப்பாட்டுகிறார். "இப்பத்தானே குளிப்பாட்டினீங்க?" என்றேன். "எப்போ?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தோம். நடுவில் எழுந்து போய் சோப்பு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். பிள்ளை குளிரில் வெடவெடவென்று நடுங்குகிறது. மூன்றாவது தடவை அக்கா. மாமா எழுந்துபோய் சோப்பை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் இவள் தலையில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. கட்டிலில் லேசாக இடித்தால்கூட எனக்கு உயிர் போகிறது.

மறு வாரம் மாமா சங்கத்து ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். எதற்குப் போனீர்கள் என்றால், "சும்மா பழைய ஆளுங்களைப் பார்த்துட்டு வந்தேன்" என்றார். இரண்டு நாள் கழித்து இந்த லெட்டர் வந்து நிற்கிறது, மூளை டாக்டரிடம் எழுதி வாங்கு என்று. எனக்குக் கோபம். போனவர் பெரியவர், பழைய குத்துச்சண்டை வாத்தியார், நாலு பேருக்குத் தெரிந்தவர். என் மகனுக்கு இந்தக் கெடுபிடியெல்லாம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக் கூடாதா?

முதலில் எங்கள் தெருக்கோடி டாக்டரிடம் காட்டினோம். அவர் இவரைக் கேட்டார், "சிரில், இது என்ன வருஷம்?" இவர் உடனே, "யாரோட வருஷம் டாக்டர்?" என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் வீட்டு விளையாட்டைச் சொன்னேன். "நல்ல டைம்பாஸ்" என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்போதுதான் யோசித்தேன், வருஷத்தை இவர் கடைசிவரை சொல்லவே இல்லையே என்று. அந்த டாக்டர்தான், எதற்கும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், கையெழுத்து அவர்கள்தான் போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

போன ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னால் முடிந்துவிடும். தலை வலிக்கிறதா உங்களுக்கு? சும்மா கேட்டேன். எனக்கு வலிக்கிறது.

சாப்பிட்டு முடித்து நாற்காலி போட்டார்கள். டம்ளரும் கரண்டியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா, "இன்னிக்கு எனக்கு லூயி வேணாம். லாரி ஹோம்ஸ்" என்றார். ஹோம்ஸை அவர் எடுத்ததே இல்லை. இவர் வழக்கம்போல "அலி" என்றார்.

"எந்த வருஷத்து அலி?"

இவர் இவளுக்குக் காலை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பாமலேயே, "எண்பது" என்றார்.

"யோசிச்சு சொல்றா."

"எண்பதுதான் நைனா. எந்த வருஷமா இருந்தா இன்னா? அதே ஆளுதானே?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கரண்டியால் தட்டினேன். வேறென்ன செய்ய?

இவர் பேசினார். காலை மாற்றி மாற்றி வைப்பான், சுற்றுவான், ஜாப் போட்டுட்டு எடது கையை எறக்குவான் நைனா, எறக்கினதும் வலது கைல மேலாப்ல ஒண்ணு. அது ஜோ லூயிக்குச் சொல்கிறது அக்கா, ஹோம்ஸுக்குக் கிடையாது. இரண்டாவது ரவுண்டிலும் அதே. மூன்றாவதிலும் அதே. அதே சிரிப்பு. மாமாவின் நிமிஷம் வந்தால் மாமா வாயே திறக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு ரவுண்டிலும் அப்படித்தான். நான் செய்யும் தில்லுமுல்லு தெரிந்துவிட்டது, அந்தக் கோபம் என்று நினைத்தேன். பென்சிலைத் தொடவேயில்லை. பத்தாவது ரவுண்டில் மாமா பேசினார்.

"ரெஃப்ரி."

"என்ன மாமா?"

"பார்த்துக்கினு இருக்கியா?"

"பார்த்துக்கிட்டுதான் இருக்கேன் மாமா. உங்க டைம் ஓடுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கப்புறம் நிமிரவே இல்லை. நான் பதினைந்து ரவுண்டையும் நடத்தி முடித்தேன். சிரில் நூற்றைம்பது, மாமா நூற்று முப்பத்தைந்து. இவர் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டு அறை முழுக்கச் சுற்றினார். இவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார். "பாத்தியா நைனா! ஒரு ரவுண்டுகூட உடலை! மூளை சரியில்லைன்னு எவன்டா சொல்றது? டெல்பின், அந்த நோட்டை எடுத்து வை. டாக்டருக்குக் காட்டுவோம். ரெண்டு வருஷமா நான்தான் ஜெயிக்கிறேன்னு கையெழுத்தோட இருக்குல்ல, கான்வென்ட் கையெழுத்து!"

இதுதான் அந்த நோட்டு. இடது பக்கம் பார்த்தால் என் புருஷனை மாதிரி புத்திசாலி கிடையாது. வாரா வாரம் ஜெயம். டாக்டர் இதைப் பார்த்தால் கையெழுத்துப் போட்டாலும் போடுவார். வலது ஓரத்தைப் பார்த்தால், ஜூலையிலிருந்து தேதி போட்டு எல்லாம் இருக்கிறது. ஒரே வார்த்தை எத்தனை தடவை, எந்தப் பெயரை மறந்தார், எந்த வருஷத்தை மாற்றினார். நானே எழுதியது. எழுதும்போது இதெல்லாம் என்னவென்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. தெரிந்ததா? தெரியாது.

வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் அழித்துவிட்டேன். பாருங்கள், இங்கே. முதல் ஜூலை போய்விட்டது. ஆனால் பென்சிலை அழுத்தி எழுதுகிற கை எனக்கு, சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. சிஸ்டர் பார்த்தால் முட்டைதான். பக்கத்தில் இவர் ஜன்னல் வழியாகத் துறைமுகத்துக் கிரேனைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் என்ன செய்கிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. எதிர் சீட்டில் மாமா. அவர் பார்த்தார். கேட்டில் இறங்கியதும், "நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா. நான் வந்தா அவன் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவான். ரெஃப்ரி நீதான்" என்று சொல்லிவிட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

இவருக்கு இருபத்தாறாம் தேதியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை அக்கா. ஷூவுக்குப் பாலீஷ் போட்டு வைத்திருக்கிறார். தணிகாசலம் எதிரில் வந்து குத்துவார். முன்னாடி மாதிரி இவர் விலகுவார் என்று நினைத்துக் குத்துவார். இவர் எந்தப் பக்கம் விலகுவார்? சொன்னதையே சொல்கிறவர் செய்ததையே செய்வாரா? கூட்டம் கை தட்டும். நான் இவளைத் தூக்கிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இவள் முதல் முதலாக அப்பா சண்டை பார்ப்பாள்.

தோற்கட்டும், அது வேறு. எனக்குப் பயம் அதுவல்ல.

ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்?

என்ன? மாமாவா? இல்லை, மாமாவுக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் பேசாமல்...

மாமா சின்ன வயசில் ரிங்கில் ஒரு நாள்கூடக் கையைக் கீழே இறக்கினதில்லை என்று தெருவே சொல்லும்.

அவர் சங்கத்துக்குப் போன மறுநாளே லெட்டர். இல்லை, இரண்டு நாள் கழித்து.

ஹோம்ஸ் திரும்பித் திரும்பி ரெஃப்ரியைப் பார்த்தான் என்று நான்தானே வாசித்துக் காட்டினேன். நான்தானே. பத்து ரவுண்டு என்னையே பார்த்தார் அக்கா. நான் டைம் ஓடுகிறது என்றேன்.

இவளைக் கொஞ்சம் பிடியுங்கள். தலைக்குக் கீழே கை கொடுத்து, ஆங், அப்படித்தான். பென்சில் இந்தப் பையில்தான் இருந்தது. இதோ. போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் வலது ஓரம் காலியாகவே கிடக்கிறது. நான் ஒரு வரி எழுத வேண்டும்.

"பத்தாவது ரவுண்டு. ரெஃப்ரி நிறுத்தினார்."

சில நாள் தாமதம். பரவாயில்லை. சண்டை இன்னும் நடக்கவில்லையே.

நாற்பத்தொன்று கூப்பிட்டாகிவிட்டது. எழுந்து வருகிறார் பாருங்கள், எப்படிச் சிரித்துக்கொண்டு வருகிறார். கடிகாரம் நன்றாக வரைந்திருப்பார் போல. என்னைப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்குகிறார். வருகிறேன், வருகிறேன். அக்கா, அவர் இந்த ஜென்மத்தில் என்னோடு பேசமாட்டார். ஒருவேளை நான் செய்ததையே மறந்துவிடுவார். எது மோசம் என்று தெரியவில்லை.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டர் கேட்பார். இவர் ஒன்றுமில்லை என்பார். நான் வருஷம் சொல்கிறேன். மாதமும் சொல்கிறேன். அழித்த பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டுகிறேன்.

கொடுங்கள் இவளை. ரப்பரா? எனக்கு வேண்டாம், உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் மகள் டீ வாங்கப் போகிறாள் என்றீர்களே? கேட் பக்கத்தில் நீலத் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் நிற்பார், கஸ்பார் என்று கூப்பிட்டால் திரும்புவார். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

ரெஃப்ரி பார்த்துவிட்டாள் என்று.